சுமத்ராக் காற்றுக்கு எந்தப் பாய்?

பினாங்கில் படகு விடுபவர்களுக்கு ‘சுமத்ரா’ என்பது ஒரு தீவின் பெயர் மட்டுமன்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னர், மலாக்கா நீரிணையைக் கடந்து திடீரென வந்து மோதி, சில வேளைகளில் மணிக்கு 40 கடல்மைல் வேகத்தையும் தாண்டி வீசிவிட்டு, ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிடும் புயற்காற்றுக்கும் அதுதான் பெயர். மரபுக் கலங்களின் பாய்களை ஒப்பிடுவோர் வேகத்தையே முதலில் பேசுகிறார்கள். இந்த நீரிணையைப் பொறுத்தவரை, பாயை எவ்வளவு விரைவில் சுருக்க முடியும் என்பதே முதற்கேள்வி என்று நான் கருதுகிறேன்.

நம் பக்கத்துத் தோணிகளிலும் அரபுக் கலங்களிலும் காணப்படும் சாய்வுப் பாய், குட்டையான பாய்மரத்தில் சாய்வாகத் தொங்கும் நீண்ட பருமலில் கட்டப்படுவது. பெரிய கலங்களில் அந்தக் குறுக்குமரம் ஒரே மரமாகக் கிடைக்காது. இரண்டு மூன்று மரங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, கயிற்றால் இறுகச் சுற்றிக் கட்டுவார்கள். பாயின் முன்விளிம்பில் பாய்மரம் குறுக்கிடாததால் காற்று தடையின்றிப் படிகிறது. எதிர்க்காற்றிலும் கலம் நன்றாக முன்னேறுகிறது. சிக்கல் திசை மாற்றும்போதுதான். பருமலை ஏறக்குறைய நிமிர்த்தி, பாயைப் பாய்மரத்துக்கு முன்னால் மறுபக்கம் கொண்டுபோய், காற்று வரும் பக்கத்துக் கயிறுகளையும் மாற்றிக் கட்ட வேண்டும். அதற்கு ஆள்பலம் தேவை. காற்று வலுத்தால் அந்தப் பாயையே இறக்கிவிட்டுச் சிறிய பாயை ஏற்றுவதுதான் பழைய வழக்கம். இருட்டில், மழையில், ஆடும் தளத்தில் இதைச் செய்வதை எண்ணிப் பாருங்கள்.

ஜங்க் என்ற சீன மரக்கலத்தின் பாய்க்குக் கதை வேறு. ஜார்ஜ் டவுன் சூலியா தெருவின் அஞ்சடியில் (கடைமுன் நடைபாதையில்) மழைச்சாரலுக்காகத் தொங்கவிட்டிருக்கும் மூங்கில் தட்டியைப் பார்த்திருப்பவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். பாயின் குறுக்கே மூங்கில் கழிகள் வரிசையாகச் செல்கின்றன. ஏற்றுகயிற்றைத் தளர்த்தியதும் பாய் தன் எடையாலேயே மடிப்பு மடிப்பாக இறங்கி, கீழே ஏந்தி நிற்கும் கயிறுகளுக்குள் அடங்குகிறது. இரண்டு மடிப்பு போதுமென்றால் இரண்டோடு நிறுத்தலாம். ஒவ்வொரு கழியின் நுனியிலிருந்தும் வரும் சிறு கயிறுகள் காற்றின் இழுவையைப் பங்கிட்டுக்கொள்வதால், துணி ஓரிடத்தில் கிழிந்தாலும் பாய் முழுவதும் பாழாவதில்லை. பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கயிறுகளும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. 1960 இல் அட்லாண்டிக்கைத் தனியாளாகக் கடக்கும் போட்டியில், ஹாஸ்லர் என்ற ஆங்கிலேயர் இந்தப் பாயை ஏற்றிய 25 அடிப் படகில் 48 நாளில் இரண்டாவதாகக் கரை சேர்ந்தார்.

குறையும் உண்டு. கழிகளின் எடையால் பாயை ஏற்றுவது முதுகை முறிக்கும் வேலை. தட்டையான பாய் என்பதால் எதிர்க்காற்றில், அதுவும் மெல்லிய காற்றில், சோம்பிவிடும்.

ஐரோப்பியச் சதுரப் பாயை இந்த ஒப்பீட்டில் நீட்டி எழுதத் தேவையில்லை. பின்காற்றில் நெடுந்தூரம் செல்வதற்கு அது ஏற்றது. வல்வெட்டித்துறையில் கட்டிய, சதுரப் பாயும் கொண்ட ‘அன்னபூரணி அம்மாள்’ 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்ததை நம்மவர்கள் பெருமையோடு சொல்வது நியாயமே. ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் காற்று மாறும் குறுகிய நீரிணையில், உயரே ஏறிப் பாய் சுருட்ட ஆட்களை வைத்திருப்பது சிறு கலங்களுக்குக் கட்டுப்படியாகாது.

திரெங்கானுவின் டுயோங் தீவில் மலாய்த் தச்சர்கள் கட்டிய பெடார், பினாஸ் கலங்கள் சீனக் கலங்கள் அல்ல. பினாஸின் உடலமைப்பில் ஐரோப்பியச் சாயலே தெரிகிறது. இருந்தும் அவற்றுக்கு அவர்கள் ஏற்றியது ஜங்க் பாயைத்தான். தச்சர்களின் அந்தத் தேர்வை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆகவே பினாங்கிலிருந்து லங்காவிக்கு இரண்டு பேர் மட்டும் போகும் படகானால், தயங்காமல் ஜங்க் பாயையே சொல்வேன். ஜனவரியில் வடகிழக்குக் காற்று சீராக வீசும்போது, பத்துப் பேரோடு நாகப்பட்டினத்தை நோக்கி வங்கக் கடலைக் கடப்பதானால், அன்றாடம் திசை மாற்றும் தொல்லை இல்லாத அந்தப் பயணத்துக்குத் தோணியின் சாய்வுப் பாய் போதும். துணைக்குச் சிறிய பாய் ஒன்றையும் மடித்து எடுத்துக்கொள்ள வேண்டும்.