தரையில் பட்டதும் அடிப்பதா, பின்வாங்கி அடிப்பதா?

டென்னிஸில் எதிராளி நம் காலடிக்கே பந்தைப் போட்டால் வழி இரண்டுதான். தரையில் பட்டதுமே ஹாஃப் வாலியாக எடுக்கலாம். இல்லையென்றால் பின்னால் நகர்ந்து, பந்து இடுப்பு உயரத்துக்கு வந்தபின் அடிக்கலாம்.

நேரம்
ஹாஃப் வாலி: எதிராளி நிதானிக்கவே முடியாது. 2015இல் சின்சினாட்டியில் ஃபெடரர் எதிராளியின் இரண்டாவது சர்வுக்கு (ஆட்டத்தைத் தொடங்கும் அடிக்கு), களத்தின் நடுவிலுள்ள சர்வீஸ் கோட்டருகே ஓடி வந்து இப்படித்தான் திருப்பினார்.
பின்வாங்கல்: நேரம் நமக்குக் கிடைக்கும். நடால் களத்தின் பின்எல்லையான பேஸ்லைனுக்கு வெகு பின்னால் நின்று சர்வை எடுத்தது இதற்காகத்தான்.

நுட்பம்
ஹாஃப் வாலி: இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். முழங்காலை மடக்காமல் இடுப்பை மட்டும் வளைப்பதால் ராக்கெட்டின் தலை தொங்கிவிடுகிறது. ராக்கெட்டைப் பின்னால் அதிகம் இழுக்கக் கூடாது. மணிக்கட்டு உறுதியாக இருக்க வேண்டும். பந்தை உடலுக்கு முன்னாலேயே தொட வேண்டும். ராக்கெட்டின் முகம் சற்று மேல்நோக்கித் திறந்தாலும் பந்து பறந்துவிடும், அது ஏற்கெனவே எழும்பிக்கொண்டிருக்கிறதே!
பின்வாங்கல்: முழு வீச்சு, தாராளமாக டாப்ஸ்பின் (பந்தின் முன்னோக்கிய சுழற்சி).

தரை
ஹாஃப் வாலி: புல் தரையில் பந்து தாழ்வாகவே வரும், அதனால் இதுவே கைகொடுக்கும்.
பின்வாங்கல்: களிமண் தரைக்கு ஏற்றது. ஓட்டம் மட்டும் கூடும்.

இரட்டையர் ஆட்டமா, வலையை நோக்கி ஓடுகிறீர்களா? ஹாஃப் வாலியைத் தயங்காமல் எடுங்கள். புதிதாக ஆடுபவர்கள், பேஸ்லைனிலேயே நின்று ஆடுபவர்கள் பின்வாங்கி அடிக்கட்டும். ஆனால் பயிற்சியில் சுவரோரம் நின்று ஹாஃப் வாலியையும் பழகுவது நல்லது. வேகமான சர்வ் காலடியில் விழும்போது பின்னால் போக நேரமே இருக்காது.