துறைக்கு ஒரு மென்பொருளா, எல்லாவற்றுக்கும் ஒன்றா? வடசென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எது சரி

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைக் கணினிமயமாக்கலாம் என்று பேச ஆரம்பித்தால் பெரும்பாலும் மூன்று வழிகள் முன்னால் வரும். லேபுக்கு ஒன்று, எக்ஸ்ரேவுக்கு ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று என அந்தந்தத் துறைக்கு நல்ல மென்பொருளாக வாங்கி, பிறகு இணைப்பது முதல் வழி. அரசு நிறுவனங்களே உருவாக்கிய முழு அமைப்பை, அதாவது தேசியத் தகவலியல் மையமான என்ஐசியின் இ-ஹாஸ்பிட்டல் அல்லது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் இ-சுஷ்ருத் போன்றதை, ஏற்பது இரண்டாவது. ஓப்பன்எம்ஆர்எஸ், பாம்னி போன்ற திறந்த மூல மென்பொருளை எடுத்து நமக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது மூன்றாவது. வடசென்னையின் ஸ்டான்லி மாதிரியான பெரிய மருத்துவமனைக்கு முதல் வழி வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

காரணம் நோயாளி நடக்கும் பாதை. மணலி ஆலை ஒன்றில் இயந்திரத்தில் கை சிக்கியவரை நினைத்துப் பாருங்கள். கேஷுவால்டியில் ஏஆர் என்ட்ரி, அதாவது விபத்துப் பதிவு, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, ரத்த வங்கி, ஆபரேஷன் தியேட்டர், வார்டு, அப்புறம் மாதக்கணக்கில் பிசியோதெரபி. ஸ்டான்லியின் கை அறுவைச் சிகிச்சைத் துறைக்கு இப்படிப்பட்டவர்கள் வெகுதூரத்திலிருந்தும் வருகிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் பெயரைப் புதிதாகப் பதிந்தால் ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுவார். தடா, சூளூர்பேட்டை பக்கமிருந்து ரயிலேறி வருபவரின் தெலுங்குப் பெயரை ஒவ்வொரு கவுண்ட்டரும் ஒவ்வொரு விதமாக எழுதும். போன் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், காசிமேட்டில் கடலுக்குப் போகிறவர் மகனின் எண்ணைக் கொடுத்திருப்பார். பழைய ரிப்போர்ட் எங்கோ இருக்கும், கையில் கிடைக்காது. திரும்பவும் ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்கள்.

துறைவாரி மென்பொருளில் நல்லதே இல்லை என்று சொல்லவில்லை. லேப் இயந்திரத்திலிருந்து முடிவை நேராக எடுத்துக்கொள்வதில் அவை கெட்டி. ஆனால் ஒன்றோடொன்று பேச வைக்க எச்எல்7 என்ற மருத்துவத் தகவல் பரிமாற்றத் தரத்தில் அமைந்த செய்திகளை நம்ப வேண்டும். ஒரு பக்கம் பதிப்பு மாறினால் இணைப்பு அறுந்துவிடும். லேப் கம்பெனி மருந்தகக் கம்பெனியைக் கைகாட்டும். நடுவில் வார்டு காத்திருக்கும். ஸ்கேன், எக்ஸ்ரே படங்களை வைக்கும் பேக்ஸ் மட்டும் தனியாக இருக்கலாம். அங்கே டைகாம் என்ற பொதுத்தரம் ஊன்றிவிட்டது.

கல்லூரியும் சேர்ந்திருப்பதால் இன்னொரு சிக்கல் உண்டு. பயிற்சி மருத்துவர்களான ஹவுஸ் சர்ஜன்கள் சில வாரத்துக்கு ஒருமுறை துறை மாறுகிறார்கள். போகிற இடமெல்லாம் புது மென்பொருள், புது பாஸ்வேர்டு என்றால், ஒரு பிஜியின் (முதுநிலை மாணவரின்) பாஸ்வேர்டையே யூனிட் முழுக்கப் பயன்படுத்துவார்கள். எந்த மருந்தை யார் எழுதினார், யார் மாற்றினார் என்பதே தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரே லாகின் இருந்தால், ஹவுஸ் சர்ஜன் எழுதியதைப் பேராசிரியர் பார்த்து ஒப்புதல் தருவதும் பதிவாகும். ஆய்வேட்டுக்காக மருத்துவப் பதிவேட்டுத் துறையான எம்ஆர்டியில் கேஸ் ஷீட் கட்டுகளைப் புரட்டும் வேலையும் குறையும். நோய்க்குறிப்பை ஐசிடி என்ற சர்வதேச நோய் வகைப்பாட்டுக் குறியீட்டில் போட்டிருந்தால் தேடி எடுத்துவிடலாம். இன்னும் விரிவான மருத்துவச் சொல் குறியீட்டுத் தொகுப்பான ஸ்னோமெட் சிடியில் இந்தியா 2014 முதல் உறுப்பினர் என்பதால் அதற்குத் தனி உரிமக் கட்டணமும் இல்லை.

ஒன்றாக இருப்பதன் ஆபத்தையும் மறைக்கக்கூடாது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மீது நடந்த ரான்சம்வேர் தாக்குதலில், அதாவது தகவலைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தாக்குதலில், இ-ஹாஸ்பிட்டல் சர்வர்கள் முடங்கி, ஓபி முதல் லேப் வரை கையால் எழுதும் வேலைக்குத் திரும்பின. நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று பின்னர் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். நம் பக்கம் வெள்ளமும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மின்சாரமும் தண்ணீரும் படுத்திய பாடு வடசென்னைக்கு மறக்காது. சர்வர் தரைத்தளத்தில் இருக்கக்கூடாது, ஜெனரேட்டர் வேண்டும், நெட்வொர்க்கோடு ஒட்டாத பேக்கப் வேண்டும், அச்சடித்த படிவம் வார்டிலேயே தயாராக இருக்க வேண்டும். இவை இல்லாமல் எந்த மென்பொருளும் வேண்டாம்.

திறந்த மூலம் என் மனதுக்குப் பிடித்தது. சத்தீஸ்கரின் கனியாரியில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் நடத்தும் மருத்துவமனைக்காகத் தொடங்கிய பாம்னி, நோயாளிப் பதிவுக்கு ஓப்பன்எம்ஆர்எஸ், லேபுக்கு ஓப்பன்எலிஸ், பில்லுக்கும் இருப்புக் கணக்குக்கும் ஓடூ என மூன்றையும் சேர்த்துக் கட்டியது. ஒவ்வொரு விரல் மூட்டும் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று பிசியோதெரபியில் அளப்பதற்குத் தனிப் படிவம் வேண்டுமென்றால் நாமே செய்துகொள்ளலாம். ஆனால் அதற்கு நிரந்தரமாக ஆள் வேண்டும். ஒப்பந்தச் சம்பளத்தில் வரும் நல்ல புரோகிராமர் ஓஎம்ஆர் சாலை ஐடி கம்பெனி கூப்பிட்டால் போய்விடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நிரந்தரப் பணியிடம் தர முடியாத கல்லூரி இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஆகவே என் தேர்வு அரசின் முழு அமைப்பு. இ-ஹாஸ்பிட்டல் என்றால் உரிமச் செலவு இல்லை, நோயாளியின் 14 இலக்க தேசிய சுகாதாரக் கணக்கு எண்ணான ஆபாவோடு இணையும். ஆனால் எங்கே தொடங்குகிறோம் என்பது முக்கியம். வழக்கமாக ஓபி சீட்டு அச்சடிப்பதில் தொடங்குவார்கள், பல இடங்களில் அதோடு நின்றும் விடும். நான் ஒரு வார்டையும் லேபையும் முதலில் சேர்ப்பேன். டாக்டர் எழுதிய டெஸ்ட் லேபுக்குப் போய், முடிவு படுக்கைக்கே திரும்பினால், ரிப்போர்ட்டுக்காக ஹவுஸ் சர்ஜன் மாடிக்கும் கீழுக்கும் ஓட வேண்டாம். அந்த ஒரு வசதிக்காகவே மற்ற வார்டுகளும் கேட்டு வரும்.

ஸ்டாஃப் நர்ஸை ரெஜிஸ்டரிலும் கணினியிலும் இரண்டு தடவை எழுத வைக்கவே கூடாது. நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் இரண்டும் ஓடின. நைட் டியூட்டியில் வார்டு நிரம்பி வழியும்போது ரெஜிஸ்டர்தான் எழுதப்பட்டது, கணினி காலியாகக் கிடந்தது. எந்தத் தேதியிலிருந்து எந்த ரெஜிஸ்டர் நிற்கும் என்று டீனின் உத்தரவு எழுத்தில் வந்த பிறகே வார்டுக்குக் கணினி போக வேண்டும்.

உள்நோயாளிப் பதிவுகளை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. அமைப்பை நாளைக்கு மாற்ற நேர்ந்தால் எல்லாப் பதிவுகளும் எந்த வடிவில், எத்தனை நாளில் நம் கைக்கு வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.