கொழும்பில ஜோர்ஜியன், ஆர்மேனியன் சாப்பாடு: ஆசையாப் போனம், அரைவயித்தோட வந்தம்

சைனீஸ், தாய், லெபனீஸ் எல்லாம் கொழும்பில கனகாலமா இருக்கு, ஆனா ஜோர்ஜியா, ஆர்மேனியா இருக்கிற கோகசஸ் பக்கத்துச் சாப்பாடு கிடைக்கிறது அருமை. என்ர மச்சாள் ஜோர்ஜியத் தலைநகர் திபிலிசில மெடிசின் படிச்சுப்போட்டு வந்தவ, அவ அங்கத்தைச் சாப்பாட்டைப் பற்றிக் கதைச்சுக் கதைச்சே எங்கள் எல்லாருக்கும் வாயூற வைச்சிட்டா. அதால அம்மா, அண்ணா, அண்ணி எண்டு குடும்பமாவே ஒரு சனி இரவு போனம். கடை பேர் போடேல்ல.

மெனு வடிவான மெனு, ஆனா கேக்கிறதில பாதி இல்லை. ஹார்ச்சோ சூப் முடிஞ்சுது, பச்சைக் கலர் தர்ஹூன் சோடா இல்லை, சபெராவி வைன் இல்லை. இதை முதலே சொல்லியிருக்கலாம், ஓடர் எடுத்துப் போட்டுக் கனநேரத்துக்குப் பிறகு வந்து ஒவ்வொண்டா இல்லை எண்டு சொன்னா பசியோட இருக்கிற சனம் என்ன செய்யிறது?

அஜாருலி ஹச்சாபுரி எண்ட சீஸ் பாணுக்காகத்தான் முக்கியமாப் போனது. அஜாரா எண்டுறது கருங்கடல் கரையில பத்துமி இருக்கிற பகுதி, அங்கத்தை ஹச்சாபுரி வள்ள வடிவில இருக்கும், நடுவில உருகின சீஸ், அவணால எடுக்கிற நேரம் பாத்து முட்டை உடைச்சு ஊத்தி ஒரு துண்டு பட்டரும் போட்டு, கொதிக்கக் கொதிக்க மேசைக்கு வரோணும். அந்தச் சூட்டிலயே முட்டையைச் சீஸோட கலக்கி, ஓரத்தைப் பிய்ச்சுத் தோய்ச்சுச் சாப்பிடுறது. ரெண்டு மூண்டு நிமிசம் பிந்தினாலும் போச்சு. எங்கட ஹச்சாபுரி ரெடியாகிக் கவுண்டரில இருந்ததை நாங்கள் கதிரையில இருந்தே பாத்துக்கொண்டிருந்தம், எடுத்துக்கொண்டு வர ஆளில்லை, கடைசியா அண்ணா எழும்பிப் போய்க் கேட்ட பிறகுதான் வந்தது. சீஸ் இறுகிப்போச்சு, முட்டை மஞ்சள் கட்டியாப் போச்சு, தோய்ச்சுச் சாப்பிட அதில ஒண்டும் இல்லை. இதுக்குப் போடுற சுலுகுனி எண்ட ஜோர்ஜிய சீஸ் இஞ்ச கிடைக்கிறது கஷ்டம் எண்டது விளங்குது, வெளிநாடுகளில கனபேர் மொசரெல்லாவும் ஃபெட்டாவும் கலந்துதான் செய்யினம், அது எனக்குப் பிரச்சினையே இல்லை. பாண் மா கூட நல்லாத்தான் இருந்தது. சமைச்ச ஆளின்ர வேலையைக் கொண்டுவந்து வைக்க ஆளில்லாமலே கெடுத்துப்போட்டினம், அதுதான் எனக்குச் சரியான கவலை.

இனி ஹின்காலி, உள்ளுக்கு இறைச்சி வைச்ச ஜோர்ஜியக் கொழுக்கட்டை. எங்கட மோதகம் மாதிரி மேல குடுமி பிடிச்சு அவிக்கிறது. பச்சை இறைச்சிக்குத் தண்ணி விட்டுக் குழைச்சு உள்ளுக்கு வைக்கிறதால அவியேக்க அது சூப்பா மாறிடும். குடுமியில பிடிச்சுக் கவிட்டு, சின்னனாக் கடிச்சு, சூப்பை உறிஞ்சிப்போட்டு மிச்சத்தைச் சாப்பிட்டு, குடுமியைக் கோப்பையிலயே விடுறது. இஞ்ச தூக்கவே ஏலாம அடி கழண்டு கோப்பையில ஒட்டிக்கொண்டு நிண்டது, ஒரு சொட்டுச் சூப் இல்லை. மிளகுத்தூள் கேட்டம், கெச்சப் வந்தது. மச்சாள் ஒண்டும் பேசாம ஒதுக்கி வைச்சிட்டா.

இதைவிடப் பெரிய பிழை ஒண்டு இருக்கு. எங்கட அம்மா மாடு சாப்பிடுறேல்ல. ஓடர் குடுக்கேக்கயே ஹின்காலிக்குள்ள என்ன இறைச்சி எண்டு கேட்டம், அந்தத் தம்பி கோழி எண்டார். கொண்டுவந்து வைச்ச பிறகு நிறத்தைப் பாத்து மச்சாளுக்குச் சந்தேகம் வந்து திருப்பிக் கேட்டா, ஆடாயிருக்கும் எண்டார். குசினிக்குள்ள போய்க் கேட்டுச் சொல்லுங்கோ எண்டு விடாமல் நிண்ட பிறகுதான் மாடு எண்டு வந்து சொல்லுறார்! திபிலிசில மாடும் பன்றியும் கலந்துதான் கனக்க இடங்களில செய்யிறது, மலைப்பக்கம் ஆட்டிறைச்சி, அதால இது கட்டாயம் கேக்க வேண்டிய கேள்வி. மாடு தொடாத சைவ ஆக்களும் பன்றி தொடாத முஸ்லிம் ஆக்களும் இவ்வளவு இருக்கிற கொழும்பில, கோப்பையில என்ன இறைச்சி இருக்கு எண்டு தெரியாம ஒரு ஆளை மேசைக்கு அனுப்பலாமோ? தம்பியில எனக்குக் கோவமில்லை, பாவம், அவருக்கு ஒருத்தரும் சொல்லிக்குடுக்கேல்ல, கிட்டத்தட்ட எல்லா மேசையையும் அவரேதான் ஓடி ஓடிப் பாத்தவர். அம்மா வாயில வைக்க முதல் தெரிஞ்சுது, அவ்வளவுதான்.

அம்மாவுக்குப் பிறகு எடுத்த லோபியோவும் சரியில்லை. சிவப்பு பீன்ஸை மல்லி, ஹ்மெலி சுனெலி எண்ட ஜோர்ஜிய மசாலாத் தூள் போட்டுப் பதமா அவிச்சு எடுக்கிற சாமான், வந்தது தக்காளி சோஸ் இனிப்போட. ஆனா படரிஜானி உண்மையாவே நல்லம், பொரிச்ச கத்தரிக்காய்க்குள்ள உள்ளியும் வோல்நட்டும் அரைச்ச விழுது, மேல மாதுளம் முத்து, அம்மா அதைத்தான் விரும்பிச் சாப்பிட்டவ. ஆர்மேனியப் பக்கத்தில, திராட்சை இலையில பூரணம் வைச்சுச் சுருட்டுற டோல்மா பரவாயில்லை, இலை மெதுவா இருந்தது, உள்ளி போட்ட தயிரும் நல்லம். லவாஷ்தான் ஏமாத்தம். தொனிர் எண்ட மண் அடுப்பின்ர உள்சுவரில ஒட்டிச் சுடுற மெல்லிய பாண், 2014ல யுனெஸ்கோ பட்டியலிலயே சேத்தது, இவை தந்தது சுப்பர்மார்க்கெட் பக்கெட் ரொட்டி மாதிரி விளிம்பெல்லாம் காஞ்சது. தொனிர் இல்லாட்டில் லவாஷ் எண்டு போடாம விடலாம்.

பில்லில 10 வீதம் சேர்விஸ் சார்ஜ், அதோட 18 வீதம் வட். வட் அரசாங்கத்துக்குப் போறது, அதில கதையில்லை, ஆனா நாங்களே எழும்பிப் போய்ச் சாப்பாட்டைக் கேட்டு எடுத்த இடத்தில சேர்விஸ் சார்ஜ் எதுக்கு? தொடாத ஹின்காலிக்கும் காசு போட்டிருந்தது. மனேஜரைக் கூப்பிட்டுக் கேட்டா, பில் அடிச்சாச்சு, இனி மாத்தேலாது எண்டார். அண்ணா நிண்டு கதைச்ச பிறகு அதைக் கழிச்சவை, ஆனா இறைச்சியை மாத்திச் சொன்னதுக்கு அம்மாட்ட ஒரு சொறி கூடச் சொல்லேல்ல.

போறதெண்டா படரிஜானியும் டோல்மாவும் எடுங்கோ, சனி ஞாயிறு இரவு வேண்டாம். இறைச்சிச் சாமான் எடுக்கிறதெண்டா என்ன இறைச்சி எண்டு குசினியில கேட்டு வந்து சொல்லச் சொல்லிப்போட்டு ஓடர் குடுங்கோ.