நல்லூர்த் திருவிழாக் கடையில் வாங்கிய செக்மெட் சிலை

நல்லூர்த் திருவிழாவுக்குப் போட்டிருந்த கடையொன்றில் 4,500 ரூபாய் கொடுத்து, பழைய எகிப்தியரின் பெண் தெய்வமான செக்மெட்டின் இந்தச் சிலையை வாங்கி இரண்டு மாதமாகிறது. ஒரு சாண் உயரம், சிங்கத் தலை, பெண் உடல், இருக்கையில் அமர்ந்த கோலம். "அண்ணை, இது கருங்கல்லில செதுக்கினது" என்றார் கடைத் தம்பி. வீட்டில் வந்து அடியில் ஒட்டியிருந்த துணியை உரித்தால் அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு அப்படியே தெரிகிறது. கல்தூளும் ரெசினும் கலந்து வார்த்திருக்கிறார்கள். கல்லுக்குள்ள பாரமும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. வார்ப்பு என்று சொல்லியே விற்றிருக்கலாம், நான் அப்போதும் வாங்கியிருப்பேன்.

ஏனென்றால் வேலை அவ்வளவு வடிவு. எகிப்தில் மூன்றாம் அமன்ஹோதெப் மன்னன் கிமு 14ஆம் நூற்றாண்டில் செக்மெட்டுக்கு நூற்றுக்கணக்கில் சிலை செய்வித்தான், கர்னாக்கில் மூத் என்ற பெண் தெய்வத்தின் கோயில் வளவில் இன்றும் அவற்றில் பல வரிசையாக இருக்கின்றன. அந்தப் படங்களைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்தேன். மிருகத் தலை மனித உடலோடு சேரும் கழுத்துத்தான் சிற்பிக்குக் கஷ்டமான இடம். நம் நரசிம்மருக்குப் பிடரி மயிர் அதை மூடிவிடும். செக்மெட்டுக்கு முகத்தைச் சுற்றி ஒரு பிடரி வளையம், அதற்குக் கீழே நீண்ட முடி இரு தோளையும் தாண்டி மார்பில் விழுகிறது, கழுத்தே கண்ணில் படாது, அதனால் சிங்கமும் பெண்ணும் ஒரே பிறவியாகத் தெரிகிறார்கள். இந்தச் சின்னச் சிலையிலும் அந்த முடிக் கோடுகளை நகத்தால் வருடி எண்ணலாம்.

பெரிய குறை தங்கப் பெயின்ட். தலைமேல் உள்ள சூரிய வட்டம், கையிலுள்ள அங்க் என்ற உயிர்ச் சின்னம் எல்லாவற்றிலும் தடிப்பாக அப்பியிருக்கிறார்கள். மூலச் சிலைகள் கிரானோடயரைட் என்ற கருங்கல். செப்பு உளி அதில் ஏறாது, டோலரைட் என்ற கடினமான கல் உருண்டைகளால் இடித்து, மணல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து எடுத்த உருவங்கள். அந்தக் கன்னங்களில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போகும். அதைப் பார்த்த கண்ணுக்கு இந்த மினுக்கம் பிடிக்காது.

அதே கடையில் நரித் தலையுள்ள எகிப்தியத் தெய்வம் அனுபிஸும் இருந்தது, காது இரண்டும் மெல்லிசு, பையில் போட்டாலே முறியும். அதை வாங்க வேண்டாம்.

செக்மெட் வாங்குகிறவர்கள் கியூட்டெக்ஸ் அழிக்கிற தண்ணியைப் பஞ்சில் தொட்டு, முதலில் அடியில் ஒரு மூலையில் சோதித்துவிட்டு, பெயின்டை மெதுவாகத் துடையுங்கள். நான் சூரிய வட்டத்தைத் துடைத்தபோது, அதன் முன்னால் படமெடுத்த நாகம் ஒன்று வெளியே வந்தது. இவ்வளவு நாளும் அது பெயின்டுக்குள் மூடிக் கிடந்திருக்கிறது.