நெறிகட்டிக்கு 1.5 டெஸ்லாவா, 3 டெஸ்லாவா?

கழுத்தில் நெறி கட்டி எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்துவிட்டால், சேலத்தில் வீட்டுக்குள் அடுத்து எழும் பேச்சு இதுதான்: “காசு கூடப் போனாலும் 3 டெஸ்லாவுக்கே போயிடலாமா?” டெஸ்லா என்பது மெஷினின் காந்தப்புல வலிமையைச் சொல்லும் அலகு. நிணநீர் முடிச்சு (நெறியாக வீங்குவது இதுதான்) விஷயத்தில் அந்த ஆசை பாதிதான் சரி.

காந்தப்புலம் இரட்டித்தால் சிக்னலும் ஏறக்குறைய இரட்டிக்கும். அந்த லாபத்தில் ஸ்லைஸை, அதாவது உடலைக் குறுக்கே வெட்டியதுபோல் காட்டும் ஒவ்வொரு படத்தையும், மெலிதாக எடுக்கலாம். நல்ல முடிச்சு அவரை விதை மாதிரி இருக்கும். ரத்தக்குழாய் நுழையும் பள்ளத்தில் கொஞ்சம் கொழுப்பு. எம்.ஆர்.ஐ.யில் டி1, டி2 என்று இரண்டு வகைப் படம் உண்டு; டி1 படத்தில் அது வெள்ளையாகத் தெரியும். கொழுப்பை அடக்கி எடுத்த டி2 படத்தில் அதே இடம் கறுத்து, சுற்றியுள்ள புறணி (முடிச்சின் வெளிப்பகுதி) வெளுக்கும். கொழுப்பு மறைந்து, முடிச்சு உருண்டு, ஓரம் கரடுமுரடானால் டாக்டர் புருவம் சுருங்கும். மலக்குடல் புற்றில் 5 மி.மீ.க்கும் சிறிய முடிச்சின் ஓரத்தைக்கூட உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும். அங்கே என் ஓட்டு 3 டெஸ்லாவுக்கு.

கழுத்துக்கு அப்படி இல்லை. தோளும் மூச்சுக்குழாயும் இருக்கும் இடத்தில் காந்தப்புலம் சீராக நிற்காது. 3 டெஸ்லாவில் அந்தத் தொல்லை இன்னும் கூடும். கொழுப்பு சரியாக அடங்காமல் திட்டுத் திட்டாக வெளுக்கும், டிஃப்யூஷன் படம் (திசுவில் நீர் நகர்வதைக் காட்டுவது) நெளியும். பல்லில் உலோகக் கேப் இருந்தால் தாடைக்குக் கீழுள்ள முடிச்சுகள் மறைந்தே போகலாம். அதே ஸ்கேனை அப்படியே ஓட்டினால் ரேடியோ அலைச் சூடு 4 மடங்கு என்பதால், மெஷினே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேஸ்மேக்கர்களில் சில 1.5-க்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டவை. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருபவருக்கு, கழுத்துக் காயிலோடு (கழுத்தைச் சுற்றி வைத்து சிக்னலைப் பிடிக்கும் கருவி) நல்ல 1.5 மெஷின் கிடைத்தால் போதும் என்பேன்.

7 டெஸ்லா? 2017-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோதும் தலை, கை, கால்களுக்குத்தான். உடலுக்குள் அதன் ரேடியோ அலைநீளம் 12 செ.மீ. அளவுக்குச் சுருங்குவதால் இடுப்புப் படத்தில் இருட்டுத் திட்டுகள் விழும்.

காசநோய் நெறியா, புற்றா என்பதை எந்த டெஸ்லாவும் தனியாகத் தீர்த்துவைக்காது. அதற்கு ஊசியால் முடிச்சிலிருந்து கொஞ்சம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். தோலுக்கு அருகில் இருக்கும் முடிச்சை அல்ட்ராசவுண்டே நன்றாகக் காட்டும், செலவும் குறைவு. எதில் எடுத்தாலும் பழைய படங்களையும் அவை பதிந்த சிடி வட்டையும் கையோடு கொண்டுபோங்கள். முடிச்சு வளர்ந்ததா என்பதை அதே மெஷினில், அதே குறுக்களவை வைத்துப் பார்த்தால்தான் நம்பலாம்.