மாடித் தொட்டியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி: சில ஆண்டுகால அனுபவம்

சூரியகாந்திக் குடும்பத்துக் காட்டுச் செடிகளுள், கொழும்பின் வெள்ளவத்தை போன்ற நெருக்கமான குடியிருப்புகளின் மாடியில் ஆண்டுக்கணக்கில் நிலைத்து நிற்கக்கூடியது எது என்று கேட்டால், மஞ்சள் கரிசலாங்கண்ணியையே சொல்வேன். வெள்ளைக் கரிசலாங்கண்ணி பெரும்பாலும் ஓராண்டுக்குள் பூத்து முடிந்துவிடும். மஞ்சள் வகையோ தரையோடு படர்ந்து, மண்ணைத் தொடும் கணுக்களில் வேர்விட்டுத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்.

ஆழத்தைவிட அகலமே இதற்கு முக்கியம். செம்மண், கூட்டெரு, தும்புச்சோறு (தேங்காய் நார்த்தூள்) ஆகியவற்றைக் கலந்து நிரப்பிய அகன்ற தொட்டியில், தண்டைப் படுக்கவைத்துக் கணுவின்மீது ஒரு சிறு கல்லை வைத்துவிட்டால், சில நாட்களில் அங்கே வெண்ணிற வேர்முனைகள் எட்டிப் பார்க்கும். மே முதல் செப்டெம்பர் வரையிலான தென்மேல் பருவமழைக் காலத்தில் நீர் வடிந்தோடினாலே போதும். சனவரி, பெப்ரவரி வெயிலில் காலையும் மாலையும் ஊற்றாவிட்டால் நண்பகலில் இலைகள் துவண்டுவிடும். ஈரம் விரும்பும் செடிதானே என்று அடித்தட்டில் நீரைத் தேங்கவிடக் கூடாது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏழு முதல் பத்து நாட்களே போதும்.

பராமரிப்பில் நான் மிகவும் வலியுறுத்துவது வெட்டுதலைத்தான். வெட்டாமல் விட்ட தண்டுகள் அடியில் மொட்டையாகி, நுனியில் மட்டும் இலை தாங்கும். நான்கு விரற்கடை விட்டு ஒட்ட நறுக்கினால் கணுதோறும் புதுத்தளிர் கிளம்பும். அந்த இளந்தளிர்களே தேங்காய்ப்பூ சேர்த்து வறை செய்ய ஏற்றவை.

வாங்கும்போது கவனம் மிக அவசியம். ஒரு பூங்கன்றுக் கடையில் இதே பெயரைச் சொல்லி எனக்குத் தந்தது, இதன் நெருங்கிய உறவான சிங்கப்பூர் டெய்சி. கரிசலாங்கண்ணியின் இலை நீண்டு ஒடுங்கியது, தடவினால் சொரசொரப்பாக இருக்கும். மற்றதன் இலை தடித்துப் பளபளத்து, பெரும்பாலும் மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். மத்திய அமெரிக்கா, கரீபியன் பகுதிகளிலிருந்து வந்த அச்செடி, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு கணுத்துண்டு போதும், அது வாய்க்கால் கரை முழுவதையும் மூடிவிடும். ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கையான ராம்சாரின்கீழ் 2018இல் ஈரநில நகரமாக ஏற்கப்பட்ட கொழும்பில், அதன் கழிவுகளைக் கால்வாயோரம் கொட்டுவதைக் காணும்போது மனம் பதறுகிறது. வெட்டிய தண்டுகளைச் சீமெந்துத் தரையில் பரப்பி, கணுக்கள் முறியுமளவு காய்ந்த பின்னரே நான் அகற்றுகிறேன்.