வீதியா, விதியா: நூலுக்கு எந்த எழுத்துரு?

தஞ்சாவூரின் வீதிகளைப் பற்றி என் தந்தையார் எழுதிவைத்திருந்த கட்டுரைகளை 240 பக்க நூலாகக் கொண்டுவந்தபோது, மெய்ப்புத் திருத்த ஆன நாட்களில் பாதியை எழுத்துருவைத் தேர்வதற்கே செலவிட்டேன். கடைசியில் போட்டி இரண்டுக்கு இடையில் வந்து நின்றது. ஒன்று, கோடு எங்கும் ஏறக்குறைய ஒரே தடிப்பில் ஓடும் நோட்டோ சான்ஸ் தமிழ். மற்றது, கோடு தடித்தும் மெலிந்தும் வளையும் நோட்டோ செரிஃப் தமிழ். இரண்டும் இலவசம், இரண்டும் யூனிகோடு, இரண்டிலும் மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை பல எடைகள் உண்டு. எனவே விலையையோ உரிமத்தையோ காட்டி ஒன்றைக் கழித்துவிட வழியில்லை. நான் செரிஃபைத் தேர்ந்தேன். நூல் அச்சாகிக் கைக்கு வந்த பிறகும் அந்த முடிவில் எனக்கு மாற்றமில்லை.

செரிஃப் என்ற பெயரே தமிழுக்கு இரவல்தான். லத்தீன் எழுத்தில் கோடு முடியும் இடத்தில் உள்ள சிறு பாதத்துக்கு அந்தப் பெயர்; அந்தப் பாதம் இல்லாததுதான் சான்ஸ். நம் எழுத்துக்கு அப்படிப் பாதம் கிடையாது. தமிழ் எழுத்துருவை அந்தப் பெயரால் அழைக்கும்போது குறிப்பது தடிப்பு மெலிவு வேறுபாட்டை மட்டுமே. ஐரோப்பாவில் அந்த வேறுபாடு அகன்ற முனைப் பேனாவிலிருந்து வந்தது. 1470இல் வெனிஸில் அச்சாளர் நிக்கோலா ஜான்சன் வெட்டிய அச்செழுத்தில் பேனாவின் சாய்வு அப்படியே தெரியும். 1757இல் பர்மிங்காமில் பாஸ்கர்வில் அதைக் கூர்மையாக்கினார். அந்த நூற்றாண்டின் இறுதியில் பார்மா நகரத்து பொடோனியின் கையில் மெல்லிய கோடு மயிரிழையாகவே ஆயிற்று. பாதமும் இல்லாத, தடிப்பும் மாறாத எழுத்து 1816இல் எழுத்து வார்ப்பாளர் நான்காம் வில்லியம் காஸ்லனின் மாதிரி ஏட்டில், அதுவும் பெரிய எழுத்துகள் மட்டுமாக, தலைகாட்டியது. அவ்வகையில் இன்று எங்கும் காணும் எழுத்துருக்களான ஹெல்வெடிகாவும் யூனிவர்ஸும் 1957இல் வெளிவந்தவை.

ஆக, அங்கே ஒரே தடிப்புக் கோடு கடைசியில் பிறந்த பிள்ளை. நம்மிடம் அதுதான் மூத்தது. ஓலையில் எழுத்தாணியால் கீறும்போது தடிப்பும் மெலிவும் பெரிதாக வர இடமில்லை. பேனாவும் ஈய எழுத்தும் வந்த பிறகே அந்த வேறுபாடு தமிழில் வேரூன்றியது. செரிஃப் பக்கம் சாய்பவர்கள் பெரும்பாலும் மரபைத் துணைக்கு அழைக்கிறார்கள். மரபு என்று பார்த்தால் நான் தேர்ந்ததற்கு எதிரான கட்சிக்கே அது அதிகம் சாட்சி சொல்லும் என்பதால், அந்த வாதத்தை நான் எடுக்கவில்லை.

என் தேர்வை முடிவு செய்தது வேறொன்று: எழுத்தின் சின்ன உறுப்புகள். தமிழில் குறிலும் நெடிலும் பல இடங்களில் ஒரு சுழியாலோ ஒரு சிறு கோட்டாலோ மட்டுமே பிரிகின்றன. மின், மீன், கிரி, கீரி, எடு, ஏடு, கொள், கோள். ரகரத்தையும் துணைக்காலையும் பிரிப்பது அடியில் இருக்கும் ஒரு சாய்ந்த வால். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின் ணா, றா, னா ஆகியவையும் தனித் துணைக்கால் பெற்றுவிட்டதால், அந்த வால் தெளிவாக இருக்கவேண்டிய தேவை முன்னைவிடக் கூடியிருக்கிறது.

இந்தக் கவலை புதியதும் அன்று. எகர ஒகரங்களில் குறிலுக்குப் புள்ளி இடுவது பழைய முறை. ஓலையில் புள்ளி பெரும்பாலும் விடுபட்டதால் எரி எது, ஏரி எது என்று படிப்பவரே ஊகிக்க வேண்டியிருந்தது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் நெடிலுக்குத் தனி அடையாளம் கொடுத்து அதைத் தீர்த்தார் என்பர். அவர் தீர்த்துவைத்த சிக்கல் மோசமான அச்சில் திரும்ப முளைத்துவிடக் கூடாது என்பதே என் எண்ணம்.

அது முளைத்ததை நேரிலேயே பார்த்தேன். ஒரே பக்கத்தை இரு எழுத்துருவிலும் 10.5 பாயின்ட் அளவில் அமைத்து, லேசர் பிரின்டரில் எடுத்து, உறவினர்கள் பிழை பார்ப்பதற்காக ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய என் அத்தை சான்ஸ் பிரதியை உரக்கப் படித்துக்கொண்டு வந்தவர், "மேல விதி" என்று படித்து நிறுத்தினார். அண்ணனின் கையெழுத்துப் பிரதியிலேயே இந்தப் பிழை இருந்ததா என்று கவலையோடு கேட்டார். கையெழுத்துப் பிரதியில் வீதி என்றுதான் இருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது, வீயன்னாவின் தலைச்சுழிக்குள் இருக்கவேண்டிய வெள்ளை மை பரவி அடைந்துபோய், சுழி ஒரு கறுப்புக் குமிழாகியிருந்தது. அதே ஜெராக்ஸ் இயந்திரத்தில் வந்த செரிஃப் பிரதியில் அந்த வெள்ளை மிஞ்சியிருந்தது.

காரணம் எளிது. ஒரே தடிப்பில் ஓடும் கோடு சுழியின் எல்லாப் பக்கத்திலிருந்தும் உள்வெளியைச் சமமாகத் தின்கிறது. தடிப்பு மாறும் எழுத்திலோ சுழியின் ஒரு பகுதி மெலிவதால், மை சற்றுப் பரவினாலும் உள்ளே கொஞ்சம் இடம் மீதமிருக்கிறது. மெலிவு அளவு மீறினால் கோடே அறுந்துபோகும் என்பது உண்மை. பொடோனியின் பாணிக்குச் சிறிய அளவில் நேரும் ஆபத்து அதுதான். நோட்டோ செரிஃபில் மெல்லிய கோடு அந்த அளவுக்குப் போகவில்லை.

மற்ற நூல்களில் வாசகர் சூழலை வைத்துச் சொல்லைச் சரிசெய்துகொள்வார். 'குளத்தில் மின் பிடித்தான்' என்று அச்சானாலும் மீன் என்றே படிப்பார். ஊர்ப்பெயருக்கும் ஆள்பெயருக்கும் அந்த உதவி கிடையாது; என் தந்தையாரின் நூலோ பக்கத்துக்குப் பக்கம் சந்துகளின் பெயரும் குடும்பங்களின் பெயரும் நிறைந்தது. அறியாத ஒரு பெயரில் நெடில் குறிலாகிவிட்டால் அடுத்த தலைமுறை அதையே சரியென்று எடுத்துக்கொள்ளும்.

சான்ஸ் வெல்லும் இடங்கள் உண்டு, அவற்றை மறைக்க மாட்டேன். கைபேசித் திரையில் அது தெளிவு. வரைபடத்திலும் படக்குறிப்பிலும் அட்டவணையிலும் அதன் சீரான கோடு நன்றாக நிற்கிறது. நூலின் நான்கு வரைபடங்களுக்கும் அதையே பயன்படுத்தினேன். என் அனுபவம் ஆஃப்செட்டில், மேப்லித்தோ தாளில் அச்சான ஒரே ஒரு நூலைச் சார்ந்தது. நாளிதழ்த் தாளில் அச்சிடுவோர் ஒரு பக்கத்தையாவது அச்சிட்டுப் பார்த்தபின் முடிவு செய்வது நல்லது.

எதைத் தேர்ந்தாலும் வரி இடைவெளியில் கஞ்சத்தனம் கூடாது. மேலே புள்ளியும் சுழியும், கீழே உகர ஊகாரக் கீற்றுகளும் வருவதால் ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளி தமிழுக்கு நெருக்கடியாகிவிடுகிறது. காகிதச் சிக்கனமும் பழைய கவலைதான்: ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்து பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், தரங்கம்பாடி மிஷனரிகள் 1710களில் உள்ளூரிலேயே சிறிய எழுத்தை வார்த்துக்கொண்டார்கள். நான் இறுதியில் 11 பாயின்ட் எழுத்தும் 16 பாயின்ட் வரி இடைவெளியும் வைத்தேன். முதலில் கணக்கிட்டதைவிட 16 பக்கம், அதாவது ஒரு ஃபாரம், கூடியது. அந்தச் செலவை ஏற்றுக்கொண்டேன். அச்சான நூலில் மேல வீதி எல்லா இடத்திலும் மேல வீதியாகவே இருக்கிறது.